மாட்டுப் பட்டியைச் சுற்றி ஒரு சூரிய மின்வேலி: பதினொரு மாதப் பாவனையின் பின்

கடந்த ஆண்டு புரட்டாதி மாதத்தின் கடைசி வாரத்தில், மட்டக்களப்பு நகரிலுள்ள விவசாய உபகரணக் கடையொன்றில், கால்நடைகளுக்கான சூரிய மின்வேலித் தொகுதி ஒன்றை வாங்கினேன். மின்துடிப்பை உண்டாக்கும் பெட்டி, 20 வாற் சூரியத் தகடு, 12 வோல்ற்று 7 அம்பியர் மணிப் பற்றரி, 500 மீற்றர் நாகம் பூசிய கம்பி, கம்பி மரத்தில் படாதபடி தாங்கும் அறுபது காவலிகள், நிலத்தில் இறக்குவதற்கான ஓர் எர்த் கம்பி, வேலியில் மின் ஓடுகிறதா என்று பார்க்கும் சிறிய சோதனைக் கருவி ஆகியன அதில் அடங்கியிருந்தன. எல்லாமாக 64,000 ரூபாய் ஆனது. மாரி மழையையும் கோடை வெயிலையும் அது கடந்து வந்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாங்கி மூன்று வாரங்களில் எழுதியிருந்தால், இதை வாங்கிப் பணத்தைப் பாழாக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அண்மையில் உள்ளது. வீட்டோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலத்தில் கிணற்று நீரை நம்பிக் கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் செய்கிறேன். ஒரு நாள் விடியற்காலை கிணற்றடிக்குப் போனபோது, முதல்நாள் மாலை நீர் கட்டிய பாத்திகளில் குளம்படிகள் ஒவ்வொன்றும் ஒரு சிரட்டை அளவு ஆழத்தில் பதிந்து, அவற்றுள் நீர் தேங்கி நின்றது. பயிற்றங்கொடிகள் நட்டிருந்த கம்புகளோடு சேர்த்து இழுபட்டுக் கிடந்தன. காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குத் தலையே இல்லை. பக்கத்து வளவுப் பெரியம்மாவின் பதினொரு மாடுகளும் இரவிலே பட்டியின் அலம்பல் வேலியைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, என்னுடைய வேலியின் தெற்கு மூலையில் உக்கிப்போயிருந்த இரண்டு கதியால்களுக்கிடையால் உள்ளே வந்திருந்தன. அது முதல் தடவையும் அல்ல. அந்த ஆண்டில் மூன்றாவது தடவை.

அன்று காலை நான் கோபத்தோடுதான் அவருடைய படலைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து கட்டிவிட்டு, பால் கறக்காமல் திண்ணையில் இருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னரே, “மகன், உன்ட கத்தரியப் பாத்திட்டுத்தான் வாறன். மாட்டக் கட்டிப்போட்டா எதக் குடுக்க? வயலெல்லாம் விதச்சிட்டாங்க” என்றார். அதற்குப் பிறகு நான் நினைத்து வந்த எதையும் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னதில் எங்கள் மாவட்டத்தின் ஒரு பெரிய சிக்கல் அடங்கியிருக்கிறது. பெரும்போகத்துக்கு முன்னர் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தில், விதைப்புத் திகதியோடு சேர்த்து வயல் வட்டைகளிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய இறுதித் திகதியும் தீர்மானிக்கப்படுகிறது. நூறு, இருநூறு என்று மாடு வைத்திருப்பவர்கள் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் பட்டியைக் கொண்டுபோவார்கள். அந்தத் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 ஆம் ஆண்டு தொடக்கம் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை எல்லோரும் அறிவோம். ஆனால் பத்துப் பதினைந்து மாடுகளின் பாலில் அடுப்பெரிக்கும் ஒரு வயோதிபப் பெண், பட்டிக்காரன் ஒருவனுக்குக் கூலி கொடுத்து அவ்வளவு தூரம் மாடுகளை அனுப்ப வழியில்லை. பகலில் குளக்கட்டோரமாகவும் வீதியோரமாகவும் தானே நின்று மேய்க்கிறார். இரவில் அரைவயிறோடு பட்டியில் அடைபட்ட மாடு, காற்றில் பச்சை வாசம் வரும் திசைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. கட்டாக்காலி மாடு என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிற பல மாடுகளுக்கு உரிமையாளரும் இருக்கிறார், பட்டியும் இருக்கிறது. இரவு முழுவதும் தாங்கக்கூடிய வேலிதான் இல்லை.

சட்ட வழி இல்லாமல் இல்லை. பிறர் நிலத்தில் கால்நடை புகுவது பற்றிய கட்டளைச் சட்டம் 1876 ஆம் ஆண்டிலேயே நாட்டில் வந்துவிட்டது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இணக்கசபைக்குப் போனால், சட்டத்தரணி இல்லாமலே மூன்று மத்தியஸ்தர்கள் முன்னிலையில் பேசித் தீர்க்கலாம். ஊரில் சிலர் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். இணக்கசபையை நான் மதிக்கிறேன். எனினும் போன கத்தரிக்கு இழப்பீடு கிடைத்தாலும் அடுத்த இரவு மாடு வராமல் இருக்கப் போவதில்லை என்பதால், வேலியைப் பற்றி யோசித்தேன்.

மின்வேலி என்றதும் ஊரில் பலர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வீட்டு மின்னிணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு, அதனால் யானைகளும் மனிதர்களும் இறந்துபோன செய்திகளை இந்த மாவட்டத்திலும் அம்பாறையிலும் நாம் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம். அது சட்டவிரோதமானது; கொலைக்கருவிக்குச் சமமானது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று என்றாலும் அது இடைவிடாமல் பாய்வதால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. தொட்டவரால் கையை எடுக்க முடிவதில்லை. இந்தப் பெட்டி அனுப்புவது ஏறத்தாழ 7,000 வோல்ற்று என்றாலும், அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிக்கும் துடிப்பு. அடுத்த துடிப்பு வர ஒரு செக்கனுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் தொட்ட உயிர் விலகிவிடுகிறது. நான் இருமுறை தெரியாமல் தொட்டிருக்கிறேன். முழங்கை வரைக்கும் யாரோ தடியால் அடித்தது போல இருந்தது, அடுத்த கணம் ஒன்றும் இல்லை. ஆயினும் இதயத்துக்கு மின்கருவி பொருத்தியவர்களும் சிறு பிள்ளைகளும் அண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முட்கம்பியில் ஒருபோதும் மின்துடிப்பைக் கொடுக்கக் கூடாது. முள்ளில் சிக்கிய விலங்கு விலக முடியாமல் அடிமேல் அடி வாங்கும். பெட்டியோடு வந்த எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இல்லாததால், நானே ஒரு தகரத்தில் மஞ்சள் நிறம் பூசித் தமிழில் எழுதி மாட்டினேன்.

முதலில் வேலியை என் தோட்டத்தைச் சுற்றியே போட்டேன். சுற்றளவு ஏறத்தாழ 330 மீற்றர். இருக்கிற கிளிசரியாக் கதியால்களில் காவலிகளை அடித்து, நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாக இரண்டு வரிசைக் கம்பி இழுக்க நினைத்திருந்தேன். கம்பி ஒரு சுற்றுக்கே சரியாக இருந்ததால், இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை மட்டும் இழுத்தேன். பெட்டியின் வாயிலில் சோதனைக் கருவியின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. தெற்கு மூலைக்குப் போய்ப் பார்த்தபோது ஒரேயொரு விளக்கு மங்கலாக எரிந்தது. மாட்டுக்குக் குறைந்தது 3,000 வோல்ற்று வேண்டும். எனக்குக் கிடைத்தது அதில் பாதியும் இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வாங்குகிற ஒவ்வொருவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது எர்த். வேலிக் கம்பியிலிருந்து புறப்படுகிற மின்துடிப்பு மாட்டின் உடலினூடாக நிலத்தில் இறங்கி, நிலத்தினூடாக எர்த் கம்பிக்கு வந்து, பெட்டியை அடைந்தால்தான் மாடு அதிர்ச்சியை உணரும். நிலமே வேலியின் மற்றப் பாதிக் கம்பி. எங்கள் மண்ணோ மணற்பாங்கானது. அதிலும் புரட்டாதியில் நாலடி தோண்டினாலும் ஈரம் தெரியாது. கடைக்காரர் ஓர் எர்த் கம்பி போதும் என்று சொல்லியே தந்தார். அது போதவே போதாது. ஊரில் வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் வந்து பார்த்து, இன்னும் இரண்டு நாகம் பூசிய குழாய்களை ஆறடி நீளத்தில் வெட்டி, மூன்றையும் ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் இடைவெளியில் கிணற்றடியின் கழிவுநீர் ஓடும் ஈர நிலத்தில் இறக்கி, ஒரே கம்பியால் இணைத்தார். அன்று மாலையே தெற்கு மூலையில் மூன்று விளக்குகள் எரிந்தன. 64,000 ரூபாய்ப் பொருளைப் பயனுள்ளதாக்கியவை 3,800 ரூபாய்க் குழாய்கள்.

இரண்டாவது, புல்லும் இலையும். கம்பியில் படுகிற ஒவ்வொரு பச்சை இலையும் மின்துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்குக் கடத்துகிறது. உயிருள்ள கதியால் என்றால் மழை விழுந்ததும் துளிர்க்கும். துளிர்த்த கொப்பு கம்பியைத் தொடும். கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க என் தந்தையாரின் பழைய வானொலிப் பெட்டி உதவியது. அதை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டிக், டிக்’ என்று கேட்கும். கசிவு உள்ள இடத்தை நெருங்க நெருங்க அந்த ஒலி வெடிப்பாக மாறும். இருட்டிய பிறகு பார்த்தால் அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு சிறு பொறியும் தெரியும். 330 மீற்றர் வேலியை வாரம் இருமுறை இப்படிச் சுற்றி, கத்தியால் கொப்பு வெட்டிக்கொண்டு திரிவது, ஒருவராகத் தோட்டம் செய்பவருக்கு இயலாத காரியம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாடுகள் வந்தன. பெரியம்மாவின் பட்டியில் ஒரு கிழட்டுச் சிவலைப் பசு இருக்கிறது. மற்றவை அதன் பின்னால்தான் நடக்கும். அது கம்பியைக் கொம்பால் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கொம்புக்கு அதிர்ச்சி தெரியாது. வேலியென்றால் என்னவென்று அறியாத மாடு ஓடி வந்து மோதுகிறபோதும் அடி படுவது நெஞ்சிலோ முதுகிலோதான். அங்கே தோலும் தடிப்பு, மயிரும் அடர்த்தி. பயந்த மாடு பின்னால் போகாமல் முன்னால் பாய்ந்து கம்பியை அறுத்துக்கொண்டு போகும். மூன்றாவது வாரத்தில் அறுந்த கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடத் தீர்மானித்திருந்தேன்.

அப்போது பெரியம்மா வந்து கம்பிச் சுருளின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “உன்ட தோட்டத்தச் சுத்துறத்துக்கு என்ட பட்டியச் சுத்தினா என்ன, மகன்?” என்று கேட்டார்.

இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல விரும்புகிற முக்கியமான செய்தி அவருடைய அந்தக் கேள்விதான். கடையில் எவரும் இப்படிச் சொல்வதில்லை. வாங்குகிறவர் தோட்டக்காரர் என்பதால் தோட்டத்தைச் சுற்றும் கணக்கையே போட்டுத் தருகிறார்கள். அவருடைய பட்டியின் சுற்றளவு 110 மீற்றர். அதே கம்பியில் நான்கு வரிசை இழுத்தாலும் மிஞ்சும். பட்டிக்குள் மாடுகளின் மிதியால் புல் இல்லை. வெளியே ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் செதுக்கினால் போதும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பட்டிக்குள் நிற்கிற மாடு ஓடி வந்து மோதுவதில்லை. நின்று மெதுவாக முகர்ந்து பார்க்கிறது.

இருக்கிற அலம்பல் வேலிக்கு உள்பக்கமாக இரண்டு முழம் தள்ளி, இரண்டு வரிசைக் கம்பியை இழுத்தோம். மாடுகளைப் பழக்குவதற்கு மூன்று நாட்கள் எடுத்தோம். கம்பி அவற்றின் கண்ணில் படுவதற்காகப் பெரியம்மா தம்முடைய பழைய வெள்ளைச் சேலையொன்றைக் கிழித்து, இரண்டு பாக அளவுக்கு (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார். உப்புக் கலந்த கஞ்சியில் தவிட்டைக் குழைத்து, கம்பிக்கு அப்பால், மாடு மூக்கை நீட்டினால்தான் எட்டும் தூரத்தில் சட்டியில் வைத்தோம். சிவலைதான் முதலில் வந்தது. கழுத்தை நீட்டி, ஈரமான மூக்கால் கம்பியைத் தொட்டதும் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பின்வாங்கி, பட்டியின் நடுவில் போய் நின்று நீண்ட நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றது. மாட்டின் உடம்பில் மயிரில்லாமல் எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் மூக்கு. அது அங்கே படித்த பாடத்தை மறப்பதில்லை. மூன்றாவது நாள் மாலையில் பதினொரு மாடுகளும் கம்பியிலிருந்து ஒரு பாகம் விலகியே படுத்தன.

அதன் பின்னர் இன்றுவரை இரண்டே இரண்டு தடவைதான் மாடுகள் இரவில் வெளியேறியிருக்கின்றன. ஒன்று, காற்றில் முறிந்த முருங்கைக் கொப்பு கம்பியை அழுத்திக்கொண்டு கிடந்த இரவு. மற்றது, கார்த்திகை மழையில் பற்றரி இறங்கிப்போன இரவு.

பற்றரியைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. இந்தப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை அம்பியர் மணியை எடுக்கிறது. 7 அம்பியர் மணிப் பற்றரி முழுதாக நிறைந்திருந்தாலும் சூரியன் இல்லாமல் இரண்டு நாளைத் தாண்டாது. வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரை, எங்கள் பகுதியில் நான்கைந்து நாட்கள் தொடர்ந்து வெயில் முகம் காட்டாமல் இருப்பது வழமை. இந்த மாகாணத்தில் விற்கிற ஒரு பொருளுக்கு இந்த மாகாணத்து மாரியைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பெட்டி பட்டியில் இருந்ததால் நாங்கள் ஒருவாறு சமாளித்தோம்: பகலில் மாடுகள் வெளியே மேய்வதால் காலையில் நிறுத்தி மாலையில் போட்டால் போதும். பாவனை பாதியாகியது, பகல் முழுவதும் கிடைக்கிற வெளிச்சம் பற்றரிக்கே போனது. அப்படியிருந்தும் மார்கழியில் 18 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றை மேலதிகமாக வாங்கி மாற்றினேன். தோட்டத்தைச் சுற்றிப் போடுகிறவர்கள் இரவு பகலாக இயக்க வேண்டியிருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே பெரிய பற்றரியைக் கேட்டு வாங்குங்கள்.

கோடையில் சிக்கல் நேர்மாறானது. பற்றரி மாலை மூன்று மணிக்கே நிறைந்துவிடும், நிலமோ காய்ந்துபோகும். ஆனியில் சோதனைக் கருவியில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. எர்த் கம்பிகளின் அடியில் நாள்தோறும் இரண்டு வாளி நீர் ஊற்றினோம். மாடு நிற்கிற மண்ணும் காய்ந்திருந்தால் அது மட்டும் போதாது. அதனால் மிஞ்சிய கம்பியில் மேலும் ஒரு வரிசை இழுத்து, அதை எர்த்தோடு இணைத்தோம். இரண்டு கம்பிகளையும் ஒருங்கே தொடுகிற மாட்டுக்கு நிலத்தின் உதவி இல்லாமலே அதிர்ச்சி கிடைக்கும்.

இடியைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசியில் பிற்பகலில் இடி மின்னல் எழும்போது, நீண்ட கம்பி மின்னலைப் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடும். இடிதாங்கிப் பாகம் எதுவும் இந்தத் தொகுதியில் இல்லை. வானம் கறுக்கும்போதே கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவதுதான் எங்கள் வழி. கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், இதைப் பெரியம்மாவுக்கு நான் வாயால் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு தடவையும் மறந்ததில்லை. வயோதிபர்களும் படிப்பறிவு குறைந்தவர்களும்தான் பெரும்பாலும் மாடு வளர்க்கிறார்கள் என்பதை அறிந்தும், விளக்கப் படத்தோடு ஒரு தமிழ்த் தாளையாவது வைக்காதது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. பிளாஸ்ரிக் காவலிகளில் ஒன்பது, வெயிலில் வெடித்துவிட்டன. பெட்டி மட்டும் பதினொரு மாதங்களும் ஒரு குறையும் இல்லாமல் இயங்கியிருக்கிறது. அதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

ஆடு வைத்திருப்பவர்கள் இதே இரண்டு வரிசையை நம்ப வேண்டாம். ஆடு கீழால் குனிந்து போகும், அதன் மயிரும் தடை; நெருக்கமாக நான்கு வரிசையாவது வேண்டும். யானைக்கு இது வேலியே அல்ல. வனசீவராசிகள் திணைக்களம் போடுகிற யானை வேலியின் உயரமும் வலுவும் வேறு. இதை அதற்கு மாற்றாக எண்ணி எவரும் இரவில் காவலில்லாமல் படுத்துவிடக் கூடாது.

பெட்டி என்னுடையது, நிலமும் மாடும் அவருடையவை என்பதால், ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். வேலியைப் போட்டு நிறுத்துவதும் புல் செதுக்குவதும் அவர் பொறுப்பு. பழுதும் பற்றரியும் என் பொறுப்பு. விலையில் பாதியைத் தரவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பணமாக வேண்டாம் என்று நான் சொன்னதால், ஆண்டுக்கு இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மாட்டெரு என்று முடிவாகியது. முதற்பெட்டி எரு சித்திரையில் வந்தது. அதே தெற்கு மூலைப் பாத்திகளில் அதைப் போட்டு மீண்டும் கத்தரி நட்டேன். இப்போது இரண்டாவது தடவையாகக் காய் பறித்துக்கொண்டிருக்கிறேன்.